வங்கிப் பெட்டக அறைக் கதவு (கிள்ளான் பள்ளத்தாக்கு)

வங்கிகளில் ரொக்கம், தங்கம், பத்திரங்கள் வைக்கும் அறையின் எஃகுக் கதவு. வங்கி இடம் மாறினாலோ கட்டடம் கைமாறினாலோ இதைக் கழற்றுவது தனிக் கைத்திறன் வேண்டும் வேலை.

வரலாறு: கிள்ளான் பள்ளத்தாக்கில் பணத்தைப் பூட்டிவைத்த கதை வெள்ளைக்கார வங்கிகளோடு தொடங்கியதாகக் கொள்வது சரியன்று. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி அமைத்து லேவாதேவி நடத்தினர். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது நிறுவனத்துக்கும், ஒரு கைமேசை, ஒரு பெட்டி, கணக்கேடுகள். தொழில் பழக வந்தவர் பெட்டியடிப் பையன். அவருக்கு மேல் அடுத்தாள், மேலாள். ஈயத்துக்கும் ரப்பருக்கும் கடன் கொடுத்த இவர்களை வட்டிக்கடைக்காரர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. நகரின் முதல் வங்கியாளர்கள் எனலாம். கடை மாறினால் இரும்புப் பெட்டியும் கூடவே போகும். பெட்டக அறைக் கதவு அப்படிப் போவதில்லை, அது சுவரின் பகுதி.

சார்ட்டர்ட் வங்கி 1888இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1926 வெள்ளத்தில் ஆற்றுநீர் அதன் பெட்டக அறைக்குள் புகுந்தது. நனைந்த நோட்டுகளைப் பாடாங் திடலில், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், பரப்பிக் காயவைத்தனர். திருடனையும் தீயையும் மனத்தில் வைத்துச் செய்த கதவு தண்ணீரைத் தடுக்கவில்லை. அக்கட்டடம் பின்னர் வரலாற்று அருங்காட்சியகமாகி, அதன்பின் இசை அருங்காட்சியகமானது.

அமைப்பு: எஃகுத் தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் நிரப்புவதுண்டு. சிலவற்றில் செம்புத் தகடும் இருக்கும். கேஸ் கட்டிங் வெப்பத்தை அது பரப்பிவிடும். அமெரிக்கரான ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் கொண்டுவந்த நேரப்பூட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் ஓடும், ஒன்று நின்றாலும் மற்றது திறந்துவிடும். பூட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தகடு வைத்த கதவுகளும் உண்டு. துளையிட்டால் கண்ணாடி நொறுங்கி, கூடுதல் தாழ்கள் தாமே விழும். அதன்பின் பூட்டுக்காரருக்கே பெரும்பாடு.

கழற்றுதல்: முதலில் பூட்டைத் திறக்கும் சேர்க்கை எண் தெரிய வேண்டும், கதவு திறந்த நிலையிலேயே வேலை நடக்க வேண்டும். கதவு பல டன். தரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்து, முட்டுக்கொடுத்து, கீலிலிருந்து தூக்கி, உருளைகளில் நகர்த்துவர். சட்டம் கான்கிரீட்டில் புதைந்திருப்பதால் சுவரை வைர ரம்பத்தால் அறுக்க நேரும். கதவின் விலையைவிடக் கூலி அதிகமாவது இங்கேதான்.

மறுபயன்பாடு: ஹிரோஷிமாவில் 1945 குண்டுவீச்சைத் தாங்கிய டெய்கோக்கு வங்கியின் கதவுகளை, அவற்றைச் செய்த மோஸ்லர் நிறுவனம் விளம்பரத்துக்கே பயன்படுத்தியது, கட்டடத்தை 1967இல் ஆண்டர்சன் ரொட்டிக்கடை வாங்கியது. லண்டனில் மிட்லண்ட் வங்கித் தலைமையகம் 2017இல் ‘தி நெட்’ ஓட்டலாகி, அதன் பெட்டக அறை மதுக்கூடமானது. இப்படிப் பொதுமக்கள் புழங்கும் இடத்தில் தாழ்களை அசையாமல் முடக்கிவிட வேண்டும். விளையாட்டாக யாரோ கதவைச் சாத்தி அதன் சக்கரத்தைச் சுழற்றினால் உள்ளே இருப்பவர் அகப்பட்டுக்கொள்வார்.

கோலாலம்பூரில் மரபுரிமைப் பட்டியலிலுள்ள கட்டடங்களுக்கு 2005ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டம் காவல். பட்டியலுக்கு வெளியே நிற்கும் கிளைகளின் கதவுகளுக்கு வாங்குவோர் அமையாவிட்டால் பழைய இரும்புக் கடைதான். கான்கிரீட் நிரப்பிய கதவுக்கு அங்கேயும் விலை குறைவு.