பேராக்கில் அயல்நாட்டு அறிவு

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள், கால்வைத்த நாட்டைப் பற்றியும் பின்னர் விட்டுவந்த நாட்டைப் பற்றியும் அடிப்படைச் செய்திகளை அறிந்துகொண்ட வரலாறு இது. காசின் மதிப்பு, கடைத்தெரு மொழி, ஊர்ப் பெயர், ஆட்சி செய்பவர் யார், திரும்பிப் போக வழி எது ஆகியவையே இவ்வறிவின் பாலபாடம். முதல் தலைமுறைக்கு மலாயா அயல்நாடாக இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு இந்தியா அயல்நாடாகிவிட்டது. 'ஊர்' என்ற சொல் மட்டும் நெடுங்காலம் இடம் மாறவில்லை. "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்று ஒருவர் சொன்னால், சொன்னவரும் கேட்டவரும் பேராக்கின் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்தவர்களானாலும், அந்த ஊர் கடலுக்கு அப்பால்தான் இருந்தது.

பேராக்கில் பிரிட்டிஷார் காலூன்றியது 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தால். முதல் ரெசிடென்டாக (பிரிட்டிஷ் ஆலோசகராக) வந்த பர்ச் மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்னர் வந்த ஹியூ லோ 1877 முதல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்தார். அவை பணப்பயிராக மாறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டபோது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள் இறங்கினார்கள். பால்மரக் காடுகளான ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள்.

அவர்களுக்கு மலாயாவைப் பாடம் சொன்ன முதல் ஆசிரியர் கங்காணி. தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்தவரைத் துரை சொந்தக் கிராமத்துக்கே அனுப்பி ஆள் கூட்டிவரச் சொல்வார். வந்தவர் உறவுக்காரர், ஒரே சாதிக்காரர், பக்கத்துத் தெருக்காரர். எனவே அவர் வாயிலிருந்து வந்தது விளம்பரமாகத் தோன்றவில்லை, வீட்டுச் செய்தியாகத் தோன்றியது. ஆனால் அவர் அழைத்துவந்த ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை காசு என்று கங்காணிக்குக் கிடைத்தது. ஆசிரியரே பாடத்தில் கூலி வாங்குபவரானால் எந்தப் பக்கத்தை விரிவாகச் சொல்வார், எதைப் புரட்டிவிட்டுப் போவார் என்பதை ஊகிக்க முடியும். காய்ச்சலும் முன்பணக் கடனும் புரட்டப்பட்ட பக்கங்களில் இருந்தன.

இந்தக் குறையை அரசுகள் காகிதத்தால் சரிசெய்ய முயன்றன. 1907இல் முதலாளிகளின் பணத்தில் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டு, கப்பல் கட்டணம் அதிலிருந்து செலுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922இல் வந்த பிறகு, கங்காணி உரிமச் சீட்டோடு வரவேண்டும், ஆட்களைக் கிராம முன்சீப் முன்னால் நிறுத்தவேண்டும் என்று விதிகள் ஏற்பட்டன. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடல் சோதித்துக் கப்பலேற்றினார்கள். 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழியாக ஆள் திரட்டுவது இனித் தேவையில்லை என்று அறிக்கை தந்தார். 1938 ஜூனில் உதவி பெற்ற தொழிலாளர் பயணத்தையே இந்திய அரசு தடைசெய்தது.

கடலில் ஏறத்தாழ ஒரு வாரம். 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் பழைய தோட்டக் குடும்பங்களில் உறவினர் பெயர்போல் அடிபடுகிறது. பினாங்கை நெருங்கியதும் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தினார்கள்; புதிய நாட்டில் பலரும் முதலில் மிதித்த மண் அந்தத் தீவுதான். பிறகு பிறை என்ற ஊரிலிருந்து ரயில். தைப்பிங், ஈப்போ, கம்பார், தாப்பா என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கூட்டம் இறங்கியது.

இறங்கியவர் முதலில் கற்றது கணக்கு. ரூபாய் போய் வெள்ளி வந்தது. மலாயா டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றார்கள், இன்றைய ரிங்கிட்டையும் அப்படியே அழைக்கிறார்கள். 1920களின் இறுதியில் ஒரு வெள்ளி ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். முக்கியமான தோட்டப் பகுதிகளில் அப்போது வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலியையும் மாற்று மதிப்பையும் பெருக்கத் தெரிந்தவருக்கு ஊருக்கு அனுப்பும் பணம் எவ்வளவு என்பது விளங்கியது. தெரியாதவர் கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தர் சொன்னதை நம்பினார்.

மொழி எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. மலாயில் கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. நூற்றாண்டுகளாகக் கடலோடிய வணிகர்கள் விட்டுச்சென்ற சொற்கள், கூலிக்கு வந்தவர்களுக்குப் பின்னாளில் உதவின. பத்து காஜா என்ற ஊர்ப் பெயரில் கஜம் இருப்பதைக் கண்டு, அது ஆனைப்பாறை என்று புரிந்துகொள்வது கடினமல்ல. பேராக் என்றால் வெள்ளி என்பதையும், ஈப்போ என்பது நச்சுப்பால் வடியும் ஒரு மரத்தின் பெயர் என்பதையும் யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது. மலாய் 'கெத்தா' தமிழ் நாவில் 'கித்தா' ஆகி, ரப்பருக்கே பெயராகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில்தான் விந்தை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரைமார் ஒரு கொட்டகை போட்டுக் கடமையை முடித்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாத்தியார் ஆனார். பாடநூல்கள் இந்தியாவிலிருந்து வந்தன. தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பேராக் ஆறு ஓட, பிள்ளைகள் காவிரி எங்கே பிறந்து எங்கே கடலில் கலக்கிறது என்று ஒப்பித்தார்கள். காலையும் மாலையும் மிதிக்கும் மண்ணைப் பற்றி அவர்கள் படித்த நூலில் ஒரு வரி இருந்திருந்தால் அதுவே பெரிது. ஆங்கில அரசுக்கும் இதில் அவசரம் இல்லை, ஒருநாள் திரும்பிப் போகப்போகிறவர்கள்தானே என்பது கணக்கு. 1956இன் ரசாக் கல்வி அறிக்கையும் அதையொட்டிய 1957 கல்விச் சட்டமும், எந்த மொழிப் பள்ளியானாலும் பாடப்பொருள் மலாயாவைச் சார்ந்த பொதுப்பொருளாக இருக்கவேண்டும் என்று வகுத்தபோதுதான் காவிரி பின்னுக்குப் போனது.

இடையில் போர் வந்தது. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்றபோது, இந்தியாவைக் கண்டிராத பிள்ளைகளும் அதன் விடுதலைக்குப் பேர் கொடுத்தார்கள். ஈப்போவில் 1927இல் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராசம்மா பூபாலன் பதின்ம வயதில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். ஒரு நாட்டைப் பற்றிய அறிவு அதன் வரைபடத்தைப் பார்த்துத்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை.

1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு பிறந்தபோது, தெரிந்துகொள்வது சட்டத் தேவையாயிற்று. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் இத்தனை ஆண்டு வசித்திருக்கவேண்டும், மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருக்கவேண்டும். லயத்திலிருந்து பால்காட்டுக்கும் பால்காட்டிலிருந்து லயத்துக்குமே நடந்தவருக்கு இரண்டுமே எட்டாத உயரம். அதே ஆண்டு ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்கவேண்டியதாயிற்று. அட்டை இல்லாமல் தோட்டத்து வாசலைத் தாண்ட முடியாது. பெயரை எப்படி எழுதுவது, பிறந்த தேதி எது என்று பலரும் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டது அப்போதுதான்.

1957 விடுதலைக்குப் பிறகு நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்யத் தெரியாமலும், ஊருக்குப் போய்விடலாம் என்ற நினைப்பிலும் காலம் கடத்தியவர்கள் பலர். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1955 முதல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதைக் கண்டு, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரே தோட்டம் வாங்க வழிசெய்தார். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது, தாமதத்தின் விலை தெரிந்தது. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அதே ரஜூலாவில், தாத்தா வந்த திசைக்கு எதிர்த்திசையில், பேராக்கில் பிறந்த பிள்ளைகள் ரூபாய்க் கணக்கையும் பஞ்சாயத்தையும் ரேஷன் கார்டையும் புதிதாகக் கற்கப் போனார்கள்.

தமிழ்நாட்டு வாசகர் மலேசியாவைப் பற்றி அறிந்தது பெரும்பாலும் எழுத்து வழி. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவல் தோட்ட வாழ்வைப் பல வீடுகளுக்குக் கொண்டுசென்றது. கடிதமும் மணியார்டரும் சொல்லாததை அது சொன்னது. ஆனாலும் சிங்கப்பூர் எங்கே முடிகிறது, மலேசியா எங்கே தொடங்குகிறது என்பதில் இன்றும் அங்கே குழப்பம் உண்டு.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற குடியிருப்புகளுக்கு நகர்ந்தன. தோட்டத்தில் இப்போது காலையில் கூடுபவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். வெள்ளிக் கணக்கையும் மலாய்ச் சொற்களையும் கற்பது அவர்கள் முறை. பழைய தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகளோ பூர்வீகம் தேடுகிறார்கள். பெட்டியடியில் கிடைத்த தாத்தாவின் காகிதத்தில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்றிருக்கும். அப்படி ஒரு மாவட்டம் இன்றைய வரைபடத்தில் இல்லை. 1989இல் அது பிரிந்து வேலூர் ஒரு பக்கமும் திருவண்ணாமலை ஒரு பக்கமும் போயின. 1993இல் தென்னாற்காடும் அப்படியே விழுப்புரம், கடலூர் என்றாயிற்று. சேலம் என்றிருந்தால் தேடல் இன்னும் நீளும், அதிலிருந்து தருமபுரியும் நாமக்கல்லும் பிரிந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் சரிபார்த்துவிட்டுத்தான் அவர்கள் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமானத்துக்குச் சீட்டு எடுக்கிறார்கள்.