கம்பி போன வழி

(மின்பொறியியல், 1970–75 அணி மாணவர் ஒருவர்)

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதை எல்லாரும் எழுதியாச்சு. நீ உன் துறையைப் பற்றி எழுதுப்பா" என்று வைத்துவிட்டார். ஆகவே, மின்சாரம் நம் பக்கம் வந்து சேர்ந்த கதையை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

உற்பத்தி, மின்தொடரமைப்பு, பகிர்மானம் என்று மூன்றையும் தனித்தனிப் பாடமாகப் படித்து, தனித்தனியாகப் பரீட்சை எழுதி, தனித்தனியாக மறந்தவர்கள் நாம். மூன்றும் ஒரே கதை என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் அன்றைய கோவை ஜில்லாவில் ஒரு சின்ன கிராமம். ஊருக்கு வடக்கே சோளக்காட்டைத் தாண்டி உயர் அழுத்தக் கம்பி போகும். "பைக்காரா கரண்டு போகுது பாரு, மில்லுக்கு" என்று என் தாத்தா காட்டுவார். கம்பி மேலே போகும். கீழே எங்கள் வீட்டில் அரிக்கேன் லாந்தர் எரியும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதுதான் ஊருக்குள் விளக்கு வந்தது. தலைக்கு மேலே போகிற கரண்ட் கீழே இறங்க ஏன் இத்தனை வருஷம்? சின்ன வயதில் வந்த இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று சொன்னால் அது பொய். மார்க் வந்தது, சீட் கிடைத்தது, சேர்ந்தேன்! ஆனால் கேள்வி மட்டும் கூடவே வந்தது.

தூரம் என்ற சிக்கல்

1882-ல் எடிசன் நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையத்தைத் தொடங்கினார். அது நேர்மின்சாரம், சுமார் 110 வோல்ட். ஒரு மைல் தூரம் போவதற்குள் கம்பியிலேயே சக்தி வீணாகிவிடும். ஆகவே தெருவுக்குத் தெரு மின்நிலையம் வேண்டும் என்ற நிலைமை. மலையில் அருவி இருந்தும் நகரத்துக்குப் பயனில்லை.

மாற்று மின்சாரமும் டிரான்ஸ்ஃபார்மரும் வந்து இதைத் தீர்த்தன. தத்துவம் எளிது. ஒரே அளவு திறனை அனுப்பும்போது மின்னழுத்தத்தை ஆறு மடங்கு உயர்த்தினால் மின்னோட்டம் ஆறில் ஒரு பங்காகும். கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு 36-ல் ஒரு பங்காகக் குறையும். 11,000 வோல்ட்டில் அனுப்புவதற்கும் 66,000 வோல்ட்டில் அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து 175 கி.மீ. தள்ளியிருந்த பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு மூன்று ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதன் பிறகு தூரம் ஒரு சாக்காக இல்லை.

பதினோரு வருஷத்தில் அது நம் பக்கத்துக்கே வந்தது. 1902-ல் மைசூர் சமஸ்தானம் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கி.மீ. தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் ஏராளமானோர் நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். ஒன்றைக் கவனியுங்கள். 1902-ல் தங்கச் சுரங்கத்துக்குப் போன மின்சாரம், பெங்களூரு நகரத் தெருவிளக்குக்கு வந்தது 1905-ல்தான். முதல் கம்பி யார் வீட்டுக்கு? பணம் கட்டக் கூடியவர் வீட்டுக்கு. என் சின்ன வயதுக் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது.

பைக்காரா

சென்னை மாகாணத்தில் அரசே முன்னின்று கட்டிய முதல் பெரிய நீர்மின் திட்டம் பைக்காரா. 1920-களில் சென்னை அரசின் சட்ட உறுப்பினராக இருந்த சி.பி.ராமசாமி ஐயர் இதற்காக மிகவும் முயன்றார். 1932-ல் மின்சாரம் வந்தது. முதலில் மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 7 மெகாவாட். இன்றைக்குக் காற்று நன்றாக வீசும்போது மூன்று பெரிய காற்றாலைகள் சேர்ந்து தருகிற அளவுதான் ஒரு இயந்திரம். ஆனால் அன்றைக்கு அது மலையைப் புரட்டிய வேலை.

கிளன்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் உயரம் சுமார் 3,000 அடி. இன்றைய மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த உயரத்தில் விநாடிக்கு ஒரே ஒரு கனமீட்டர் தண்ணீர் விழுந்தால், இழப்புகள் நீங்கலாக, சுமார் 9 மெகாவாட். சமவெளியில் 30 அடி அணையில் அதே மின்சாரம் வேண்டுமென்றால் நூறு மடங்கு தண்ணீர் வேண்டும். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் குழாய் முனையில் நீரின் வேகம் மணிக்கு சுமார் 480 கி.மீ.! பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள் வாங்குவது இந்த அடியைத்தான். இனி அதை ஒரு படமாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

ஆனால் மின்சாரத்தை மூட்டை கட்டிக் குடோனில் வைக்க முடியாது. உற்பத்தியாகிற விநாடியிலேயே யாராவது வாங்க வேண்டும். பைக்காராவுக்கு வாங்குபவர் யார்? கோயமுத்தூர். அங்கே 1888-லேயே பஞ்சாலை வந்துவிட்டது. சுற்றிலும் பருத்திக் காடு. நீராவி எஞ்சினுக்குக் கரி வாங்கிக் கட்டுப்படியாகாத ஊரில் 66,000 வோல்ட் கம்பி வந்து இறங்கியதும் மில்கள் வரிசையாக எழுந்தன. மில் வந்ததும் ரிப்பேர் பட்டறை. பட்டறை வந்ததும் மோட்டார். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள்.

அதே 1937-ல் மேட்டூர் அணை மின்நிலையம், 1944-ல் பாபநாசம். தனித்தனியாக இருந்த இவற்றைக் கம்பியால் இணைத்தபோது ஒன்றில் தண்ணீர் குறைந்தால் இன்னொன்று கை கொடுத்தது. நாம் இன்று 'கிரிட்' என்று சொல்வது இதுதான்.

கம்பி கீழே இறங்கியது

இப்போது மீதிப் பதில். 66,000 வோல்ட் கம்பியில் கொக்கி போட்டு வீட்டுக்கு விளக்கு எரிக்க முடியாது. துணைமின்நிலையம் கட்டி 11,000-க்கு இறக்க வேண்டும். பிறகு ஊர் எல்லையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 400, 230 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும். இத்தனை செலவும் நாலு லாந்தருக்குப் பதிலாக நாலு பல்பு எரியவா என்று கணக்குப் பார்ப்பவர் கேட்பார். கிராமத்துக்குக் கம்பி வரக் காரணமாக இருந்தது பல்பு அல்ல, கிணறு. கவலை ஓட்டி, ஒரு ஜோடி மாடும் ஒரு ஆளும் விடிய விடிய இறைத்த தண்ணீரை, 5 ஹெச்.பி. மோட்டார் கொஞ்ச நேரத்தில் இறைத்துவிட்டது. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் உருவானது. காமராஜர் ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னரும் கம்பங்கள் வேகமாகக் கிராமங்களுக்குள் வந்தன. எங்கள் ஊருக்கும் அப்படித்தான் வந்தது. முதல் நாள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து என் பாட்டியிடம் அடி வாங்கினேன்.

வரவைச் சொன்னால் செலவையும் சொல்ல வேண்டும் அல்லவா? மாட்டுக்குக் களைப்பு வரும், மோட்டாருக்கு வராது. தாத்தா காலத்தில் அறுபது அடியில் தண்ணீர் இருந்த எங்கள் கிணறு வற்றி, உள்ளே போர் போட்டு, அதுவும் வற்றி, இன்று அந்தப் பக்கம் ஆயிரம் அடி போர் சர்வசாதாரணம். 1972-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து கோவையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து சாலைகளை அடைத்தார்கள். 1990-ல் எல்லா விவசாயப் பம்ப்செட்டுகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. நிலத்தடி நீர் இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்பதும் உண்மை. "த்ரீ ஃபேஸ் வந்திருச்சா?" என்று நடுராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போன என் அண்ணனிடம் இந்த இரண்டாவது உண்மையைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

இன்றைய மாணவர்களுக்கு

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியக் கிரிட் விழுந்து கோடிக்கணக்கான மக்கள் இருட்டில் தவித்தபோது தெற்கு தப்பியது. நம் கிரிட் அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. நேர்மின்சார இணைப்பு வழியாக மட்டுமே தொடர்பு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாமும் சேர்ந்தோம். இப்போது முப்பந்தல் காற்றும் ராஜஸ்தான் வெயிலும் ஒரே 50 ஹெர்ட்ஸில் சுற்றுகின்றன. வீட்டு மொட்டைமாடியே மின்நிலையமாகி, பகிர்மானக் கம்பியில் மின்சாரம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது.

நாங்கள் படித்த பாடத்தில் இதெல்லாம் இல்லை. ஆனால் பழைய கேள்வி மாறவில்லை. எவ்வளவு உற்பத்தி செய்கிறோம் என்பதோடு நிறுத்தாமல், கம்பி முதலில் யார் வீட்டுக்குப் போகிறது, யார் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் என்ன ஆகின்றன என்றும் கேளுங்கள். தம்பி, தங்கைகளே, கேம்பஸ் இன்டர்வியூவில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்து ஒரு வரைபடத்தில் கோடு போடும் நாளில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் சந்திப்போம். கரண்ட் போனால் என்னைத் திட்டக் கூடாது. நான் ரிட்டயர் ஆகி வெகுநாளாச்சு!