முன்வரிசை வீரரும் ஊரும்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மன்னர்களும் போர்களும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், ஓர் ஊர் மக்கள் தம் வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஓரிடத்தே கூடி, ஒரே மூச்சாய் ஆரவாரித்த மாலைப்பொழுதும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே. கோயம்புத்தூரில் அத்தகைய மாலை ஒன்று 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் வாய்த்தது. வ.உ.சி. பூங்காவை அடுத்துள்ள நேரு விளையாட்டரங்கில், அன்று சென்னை சிட்டி என்னும் கால்பந்துக் கழகம் இந்திய நாட்டின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

அவ்வெற்றியோடு மக்கள் சேர்த்துச் சொல்லும் பெயர் பெத்ரோ மான்சி. அவர் கூலி பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர், முன்வரிசை வீரர். அவர் வந்தார், கோல்களை அடித்தார், சென்றார். அவர் சென்ற பின்னர் ஊரிடம் எஞ்சியது யாது? இவ்வினாவை முன்வைத்து அவருடைய கோவை வாழ்வைச் சற்றே ஆராய்வோம்.

முதலில், முன்வரிசை வீரரின் தொழில் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். எதிரியின் கோலுக்கு மிக அருகே நின்று, வரும் பந்தை வலைக்குள் செலுத்துவதே அவர் கடமை. கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றும். ஆனால் ‘ஆப்சைடு’ என்னும் விதி அவரை எந்நேரமும் கட்டுப்படுத்தி நிற்கிறது. தம் தோழர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரியின் பாதியில் நிற்கும் வீரர் பந்தையும் கடந்து, எதிரணியின் கடைசி இருவருள் முன்னிற்பவரையும் கடந்து, கோல் எல்லையை நெருங்கி நின்று ஆட்டத்தில் பங்குகொள்ளல் ஆகாது. 1925ஆம் ஆண்டுக்கு முன்னர் இவ்விதி மூவரைக் கணக்கிட்டது. அவ்வாண்டில் இருவர் எனத் திருத்தப்பட்டது. அதன் விளைவாக இங்கிலாந்தில் கோல்கள் பெருகின. ஒரு முழம் முந்தினால் குற்றம். ஒரு முழம் பிந்தினால் பந்து கைவிட்டுப் போகும். தொண்ணூறு நிமிடத்தில் அவருக்குக் கிட்டும் நல்ல வாய்ப்புகள் இரண்டோ மூன்றோதாம். அவற்றைத் தவறவிட்டால் பழி முழுவதும் அவரையே சாரும்.

ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளும் வழக்கம் எக்காலத்துத் தோன்றியது? இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டில்தான் ஊதியம் பெற்று ஆடுதல் முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. நம் நாட்டிலோ நெடுங்காலம் வீரர்கள் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அல்லது படையில் பணிபுரிந்துகொண்டே ஆடினர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் சார்பில் ஒரு கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அதன் பின்னர் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் இடம்பெறாமையால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல் என்னும் சிறப்பு அதற்கே உரியதாயிற்று. தேசிய அளவிலான லீக் போட்டி 1996இல்தான் தொடங்கியது. அதுவே 2007இல் ஐ-லீக் என்னும் வடிவம் பெற்றது. கழகங்கள் பொருள் கொடுத்து வெளிநாட்டு வீரரை வரவழைக்கும் வழக்கமும் இக்காலத்தே வேரூன்றியது.

அவ்வாறு வந்தவரே மான்சி. அவர் 1988ஆம் ஆண்டு உருகுவே நாட்டின் தலைநகராகிய மோன்டேவீடியோவில் பிறந்தவர். முதல் உலகக் கோப்பைப் போட்டி 1930இல் நடைபெற்ற நகரம் அது. அக்கோப்பையை வென்ற நாடும் அதுவே. பின்னர் அவர் எசுப்பானிய நாட்டின் கீழ்நிலைக் கழகங்களில் ஆடினார். உலகம் அறிந்த பெருவீரர்களின் வரிசையில் அவர் பெயர் இருந்ததில்லை. முப்பது வயதை எட்டிய நிலையில், 2018இல், பிழைப்பை நாடிக் கடல் கடந்து கொங்கு நாட்டிற்கு வந்தார் எனக் கூறுதல் பொருந்தும்.

அவர் வந்து சேர்ந்த கழகமும் அப்பொழுது பெரிய கழகமன்று. சென்னை சிட்டி 2016-17ஆம் பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. அடுத்த பருவத்தில் தன் ஆட்டங்களைக் கோவைக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் சென்னையும் களத்தில் கோவையுமாக அது விளங்கியது. முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றது. 2018-19ஆம் பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநராக அமைந்தார். மான்சியுடன் நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ராட்ரிகஸ் முதலிய எசுப்பானிய வீரர்களும், எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்களும் ஓரணியில் திரண்டனர்.

2018 அக்டோபர் 26ஆம் நாள் பருவத்தின் முதல் ஆட்டம் கோவையில் நடந்தது. இந்தியன் ஏரோஸ் அணியைச் சென்னை சிட்டி 4-1 என்ற கணக்கில் வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் மான்சி அடித்தவை. அன்று தொடங்கிய வேட்கை பருவம் முழுதும் தணியவில்லை. இருபது ஆட்டங்களைக் கொண்ட அப்போட்டியில் அவர் அடித்த கோல்கள் 21. சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார். அப்பருவத்தில் மிகுந்த கோல்கள் அடித்தவர்கள் அவ்விருவருமே.

இனி, இறுதி நாளுக்கு வருவோம். அன்று காலை சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகளும் கிழக்கு வங்காளக் கழகத்திடம் 39 புள்ளிகளும் இருந்தன. ஒரே நேரத்தில் கோவையில் மினர்வா பஞ்சாப் அணியைச் சென்னை சிட்டியும், கோழிக்கோட்டில் கோகுலம் கேரள அணியைக் கிழக்கு வங்காளமும் சந்தித்தன. கோவையில் ஆட்டம் சூடுபிடிக்கும் முன்னரே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரையில் அரங்கம் கவலையில் ஆழ்ந்திருந்தது. இடைவேளைக்குப் பின்னர்க் கிட்டிய பெனால்டி உதையை மான்சி பழுதின்றிக் கோலாக்கினார். கணக்குச் சமனாயிற்று.

மாணவர்களே, இங்கே சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். கோழிக்கோட்டில் கிழக்கு வங்காளம் 2-1 என வென்று 42 புள்ளிகளை அடைந்தது. கோவை ஆட்டம் சமனாகவே முடிந்திருப்பின் சென்னை சிட்டியின் புள்ளிகள் 41ஆக நின்றிருக்கும். பட்டம் கொல்கத்தா சென்றிருக்கும். அதைத் தடுத்தவர் யார்? அசாம் மாநிலத்தைச் சேர்ந்த கௌரவ் போரா என்னும் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் அடித்த கோல் அணியை முன்னே நிறுத்தியது. இறுதிக் கணங்களில் அவரே மற்றொன்றும் அடித்தார். 3-1 என வெற்றி கிட்டியது, 43 புள்ளிகள், ஒரேயொரு புள்ளி வேறுபாட்டில் பட்டம்.

பள்ளி மைதானத்தில் பந்து போட்டால், சிறுவர்கள் அனைவரும் முன்வரிசையில் நிற்கவே விரும்புவர். பின்னே காவல் நிற்க எவரும் உடன்படார். ஆசிரியராய் இருந்தோர் யாவரும் கண்ட காட்சி இது. அவர்களுக்கு நான் சுட்டிக்காட்ட விரும்புவது அப்பருவத்தின் கணக்கையே. சென்னை சிட்டியின் மொத்தக் கோல்கள் 48. அவற்றுள் மான்சியின் கணக்கு 21 எனின், எஞ்சிய 27 பிறர் வழியாக வந்தவை. அந்த 21க்கும் பந்தைக் கொணர்ந்து தந்த கால்கள் பல. நெசவு மிகுந்த நம் நாட்டில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சேலையின் கரையைக் கண்டு வியப்போர், அதனைத் தாங்கி நிற்கும் பாவை எண்ணிப் பார்ப்பதில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் ஒளியாது கூறுதல் வரலாற்றின் கடமை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கழகத்திற்குச் சென்றார். அதே ஜனவரியில், ஆசியச் சாம்பியன் கழகங்களின் போட்டிக்கான தகுதியாட்டத்தில் சென்னை சிட்டி பகரைன் நாட்டின் ரிஃபா கழகத்தை எதிர்த்தது. 0-1 எனத் தோற்றது. அந்த ஆட்டமும் கோவையில் நடைபெறவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. பெருந்தொற்று அப்பருவத்தையே இடையில் நிறுத்தியது. 2020-21க்குப் பின்னர்ச் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை. பட்டம் பெற்ற இரண்டே ஆண்டுகளில், பட்டம் பெற்ற களம் தன் அணியை இழந்து நின்றது.

மான்சி சென்றமையால்தான் இந்நிலை வந்தது என்று கூறுதல் தகாது. இடம்பெயர்தல் தொழில்முறை வீரரின் இயல்பு. மலேசியாவைப் பாருங்கள். 1995இல் பிறந்த என். தனபாலன் என்னும் மலேசியத் தமிழர் ஒரு முன்வரிசை வீரர். 2017ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்தவர். மறு ஆண்டு, 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியின் காலிறுதியில் தென்கொரியாவுக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்தவர். அவரும் பெல்டா யுனைடெட், நெகிரி செம்பிலான் எனப் பல அணிகளில் ஆடியவரே. நிறுவனம் ஒன்றைச் சார்ந்து நின்ற பெல்டா யுனைடெட் 2020ஆம் ஆண்டோடு மேல்நிலை லீக்கிலிருந்து விலகியது. ஆனால் 1921இல் தொடங்கிய மலாயாக் கோப்பை முதல் ஆடிவரும் சிலாங்கூர் போன்ற அணிகளை வீரர்களின் வருகையும் போக்கும் அழித்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு மாநிலத்து மக்கள் ‘இஃது எம் அணி’ என உரிமை கொண்டாடி வந்தமையே அதற்குரிய வலிமை.

நம்மிடம் எஞ்சியது எதுவுமில்லையோ எனின், அங்ஙனமும் சொல்வதற்கில்லை. எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எப்.சி. கழகத்திற்கும், ரொமாரியோ ஜேசுராஜ் கோவா கழகத்திற்கும் சென்று, நாட்டின் உயர்நிலைப் போட்டியில் இடம்பெற்றனர். அவர்களுக்கு முன்னரே, குமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ் 2017-18ஆம் பருவத்தில் இதே கழகத்தில் ஆடி, ஐ-லீக்கின் சிறந்த நடுவரிசை வீரர் எனப் பாராட்டப் பெற்று, ஜாம்ஷெட்பூர் சென்றார். தமிழ்நாட்டு இளைஞர் மேலேறிச் செல்வதற்குக் கோவைக் களம் ஒரு படியாய் அமைந்தது. கோப்பையினும் மேலான பயன் இது என்பேன்.

மாணவர்களே! கொங்கு நாடு மழை குறைந்த நாடு. நம் முன்னோர் வானத்தை மட்டும் நம்பி இருந்திலர். பாறையைக் குடைந்து கிணறு வெட்டினர். வெளிநாட்டு வீரரின் வருகை நல்ல மழையை ஒத்தது, பெய்தால் மகிழ்வோம். ஆனால் பள்ளிதோறும் மைதானமும், வட்டந்தோறும் பயிற்சியும், ஆண்டுதோறும் தவறாத போட்டியும் கிணற்றை ஒத்தவை. மழை பொய்த்த ஆண்டிலும் அவை நீர் சுரக்கும். பெத்ரோ மான்சியின் 21 கோல்களை நன்றியோடு நினைவு கொள்வோம். அடுத்த முறை பட்டம் வரும்பொழுது அதனைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆற்றல், இன்று உங்கள் பள்ளி மைதானத்தில் பின்வரிசையில் நிற்க உடன்படும் சிறுவனிடமிருந்தே தொடங்கும்.