படுக்கையறைக்கு வந்த வாசல்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. புனேயில் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். மேஜை மேல் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. மயிலாடுதுறை வீட்டு வாசல் கேமரா. அம்மா தனியாக இருக்கிற வீடு. எடுத்துப் பார்த்தால், தோளில் பையோடு இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. (போன் சாமி அலமாரியில் இருக்கும், அம்மா கொல்லையில் இருப்பார். வழக்கம்தான்.) மூன்றாவது தடவை போடும்போது திரையில் கதவு திறக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கிறேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று வந்தவர்களாம். அம்மா வேண்டாம் என்று சொல்ல, நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு மாமாவும் அந்த நேரம் வந்து நிற்க, கிளம்பிப் போய்விட்டார்கள். சாயந்திரம் அம்மாவிடம் கத்தினேன். "யாருன்னு பாக்காம ஏம்மா கதவத் தொறக்குற?"

"எப்பிடிடா பாக்குறது? தொறந்தாத்தானே தெரியும்?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வீட்டில் நாலு கேமரா மாட்டியிருக்கிறேன். அதன் படம் புனேயில் மூன்று இடத்தில் தெரியும்: ஹால் டிவி, அடுக்களையில் இருக்கிற டேப்லெட், என் போன். மயிலாடுதுறையில் ஒரு இடத்திலும் தெரியாது. பதிவாகிற பெட்டி பரண் மேல், ஒரு டிவியோடும் சேர்க்காமல் கிடக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் நெட்வொர்க் வேலையில் பொட்டி தட்டுகிறவன் செய்த காரியம் இது!

அந்த வாரக் கடைசியில், வீட்டுக்குக் கேமரா என்கிற யோசனை முதலில் யாருக்கு, எதற்காக வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இன்னும் வெட்கமாகிவிட்டது.

கேமராவையும் திரையையும் ஒயரால் இணைத்து, ஒரு சிலர் மட்டும் பார்ப்பது என்பது போர்க்காலத்துச் சமாச்சாரம். 1942ல் ஜெர்மனியில் பீனமுண்டே என்ற இடத்தில் வி-2 ராக்கெட்டைச் சோதித்தபோது, பக்கத்தில் நின்று பார்த்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், வால்டர் புரூக் என்ற பொறியாளர் கேமரா வைத்துத் தள்ளியிருந்து பார்க்க ஏற்பாடு செய்தார். இந்த புரூக்தான் பிற்பாடு வண்ணத் தொலைக்காட்சிக்கு 'பால்' முறையைக் கொண்டுவந்தவர். (குடிக்கிற பால் இல்லை.) 1982ல் நம்ம தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் அந்த முறையைத்தான்.

ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ். மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க் நகரத்தின் குயீன்ஸ் பகுதியில், ஜமைக்கா என்ற பேட்டையில் குடியிருந்த கறுப்பினப் பெண்மணி. (ஜமைக்கா என்றதும் தீவுக்குப் போய்விடாதீர்கள், நியூயார்க்கிலேயே ஒரு ஜமைக்கா உண்டு.) அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுன் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். இரண்டு பேருக்கும் கண்ட நேரத்தில் வேலை. ராத்திரியில் மேரி தனியாக இருக்கும் நாட்கள் நிறைய. அந்தப் பகுதியில் திருட்டு அதிகம், போலீசைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும். ராத்திரி கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது? எழுந்து போய் கதவருகே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கப் போவதே பயம்.

1966 ஆகஸ்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் தேதி கிடைத்தது. எண் 3,482,037. அந்தக் காப்புரிமைப் படத்தைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவில் மேலிருந்து கீழாக நாலு துளைகள். நெட்டையானவர் வந்தால் மேல் துளை, குழந்தை வந்தால் கீழ்த் துளை. உள்பக்கம் ஒரு கேமரா, மோட்டாரில் மேலும் கீழும் நகர்ந்து துளைக்குத் துளை பார்க்கும். அந்தப் படம் படுக்கையறையில் இருக்கிற திரையில் தெரியும். மைக் வழியாக வந்தவரிடம் பேசலாம். தெரிந்தவர் என்றால் ஒரு பட்டனை அமுக்கிப் படுக்கையறையில் இருந்தே தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். சரியில்லை என்று பட்டால் வேறு பட்டன், அபாயச் செய்தி காவலுக்குப் போகும்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். அந்தத் திரை எங்கே இருக்கிறது பாருங்கள். போலீஸ் ஸ்டேஷனில் இல்லை, கணவரின் வேலை இடத்தில் இல்லை. பயப்படுகிறவளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவுக்குப் போகாமலேயே பார்ப்பவளும் அவள், பேசுபவளும் அவள், திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவளும் அவள்.

அதை யாரும் பெரிய அளவில் தயாரித்து விற்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கேமரா விலைக்கு யார் வாங்குவது? ஆனால் பின்னால் வந்த எத்தனையோ காப்புரிமைகள் அவருடையதை மேற்கோள் காட்டின. மேரி பிரவுன் 1999ல் காலமானார். இன்று அடுக்குமாடிகளில் மாட்டுகிற வீடியோ டோர் போனைப் பார்த்தால் அவர் சிரித்திருப்பார், ஒரே ஒரு துளையோடு காரியத்தை முடித்துவிட்டார்களே என்று :-)

ஒரே படத்தைப் பல திரைகளில் காட்டுவது வேறு கதை. அது காபியில் ஆரம்பித்தது. 1991ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையில், ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரு காபி மெஷின். மற்ற மாடிகளில் இருந்து படியேறி வந்தால் ஜாடி காலி. வெறுத்துப்போய் ஒரு கேமராவை ஜாடி பக்கம் திருப்பிவைத்து, 128க்கு 128 புள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் படத்தை அவரவர் மேஜைக் கணினியில் தெரியவைத்தார்கள். 1993ல் அது இணையத்துக்கு வந்தது, உலகமே அந்த ஜாடியைப் பார்த்தது. 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அந்த மெஷினை ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

நம் ஊரில் இதை கேபிள்காரர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். 2006ல் புனேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பில், கேட் கேமராப் படத்தை ஒரு மாடுலேட்டர் வைத்து கேபிள் டிவி ஒயரிலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள். 98ஆம் சேனல் போட்டால் கேட் தெரியும். எந்த வீட்டு டிவியிலும் தெரியும். என் மகள் அப்போது மூன்று வயது, கார்ட்டூனை விட்டுவிட்டு 98ஐப் போட்டு என் பைக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். யார் வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மொத்தக் கட்டடத்துக்கும் தெரியும் என்பது தனி. செட்டாப் பாக்ஸ் வந்ததும் அந்தச் சேனல் செத்தது.

அதற்குள் கேமராவே நெட்வொர்க்கில் நேராகச் செருகுகிற பொருளாகிவிட்டது. 1996ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் அதைத் தொடங்கிவைத்தது. 2008ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஆன்விஃப் என்று பொதுவிதி வகுக்க, ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனி பெட்டியில் பார்ப்பது சுலபமானது. அடுத்து மேகக் கேமராக்கள். வீட்டுப் படம் வீட்டை விட்டே வெளியேறி, எங்கோ இருக்கிற சர்வரைச் சுற்றிக்கொண்டு நம் போனுக்கு வந்தது. நம்மைப் போல வெளியூரில் இருக்கிறவர்களுக்கு வசதிதான். ஆனால் நடுவில் யார் யார் பார்க்கிறார்கள்? 2016ல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஆட்டிவைத்தது. 2023ல் அமேசானின் ரிங் நிறுவனத்தின் மேல், வாடிக்கையாளர்களின் அந்தரங்கப் படங்களை ஊழியர்கள் பார்க்க விட்டதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்ட கம்பெனி ஒப்புக்கொண்டது.

வெளியாள் பார்ப்பதை விடுங்கள். வீட்டு ஆள் பார்ப்பது? 2025ல் கல்கத்தா உயர்நீதிமன்றம், ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அவருடைய அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றது. மேல்முறையீட்டை உச்சநீதிமன்றமும் தள்ளிவிட்டது. அது சகோதரர்களுக்குள் நடந்த வழக்கு. பிள்ளை அம்மாவைப் பார்க்கும் வழக்கு இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நாலு கேமராவில் இரண்டு வீட்டுக்குள் இருந்தன. ஹாலில் ஒன்று, சாப்பிடுகிற இடத்தில் ஒன்று. மாட்டும்போது அம்மாவிடம் சொன்னேன், கேட்கவில்லை. தங்கமணி மட்டும் அன்றே சொன்னாள், "அத்தை இப்பல்லாம் ஹால்ல படுக்கறதே இல்ல, கவனிச்சீங்களா?" நான் கவனிக்கவில்லை. தினம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

பொங்கலுக்குப் போனபோது உள்ளே இருந்த இரண்டையும் கழற்றினேன். வாசலும் கொல்லையும் போதும். பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கி எச்.டி.எம்.ஐ. ஒயரில் ஹால் டிவியோடு சேர்த்தேன். அடுக்களையில் ஒரு பழைய டேப்லெட், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. கேமராக்கள் பெரும்பாலும் இரண்டு ஓட்டமாகப் படம் தரும், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. டேப்லெட்டுக்குச் சின்னது போதும், பழைய சாமானாக இருந்தாலும் திணறாது. கடவுச்சொற்களை மாற்றி, வெளியில் இருந்து வருவதற்கு வி.பி.என். மட்டும் வைத்தேன். டேப்லெட்டை எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்தால் பேட்டரி உப்பிவிடும் என்பதால் தினம் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் போகிற மாதிரி ஒரு டைமர். செலவு என்று பார்த்தால் ஒயரும் ஸ்டாண்டும் அந்த டைமரும்தான்.

முதல் இரண்டு நாள் அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலை, காபி ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்து, "கீரைக்காரி வந்துட்டா, சில்லறை எடுத்துட்டு வா" என்றார். அவள் இன்னும் குரலே கொடுத்திருக்கவில்லை.

இப்போது எனக்கு தினம் ரிப்போர்ட் வருகிறது. எதிர்வீட்டுக்குப் புது பைக் வந்தது, மாடு வேலியைத் தின்றது, தபால்காரர் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது அம்மா கேட்டார்:

"ஏண்டா, ஒங்க வீட்டு வாசலயும் எனக்கு இதுல காட்ட முடியுமா? நீங்க எத்தன மணிக்கு வீட்டுக்கு வர்றீங்கன்னு பாத்துக்குவேன்ல."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். தங்கமணி என்னைப் பார்த்தாள். பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்று வைத்துவிட்டேன்.