ஜெய்சல்மேர்: கோட்டைக்குள்ள ரூம் போடலாமா?

ராஜஸ்தான் ட்ரிப் பிளான் பண்ற எல்லாரும் கடைசியா வந்து நிக்கிற கேள்வி இது. "ஜெய்சல்மேர்ல கோட்டைக்குள்ளேயே கம்மி விலைக்கு ரூம் கிடைக்குதாமே, போடலாமா?" ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா காரணம் புரியணும்னா சுமார் 870 வருஷம் பின்னாடி போகணும்.

1156-ல ராவல் ஜெய்சல்ங்கிற பாட்டி ராஜபுத்திர மன்னர், திரிகூட மலைங்கிற ஒரு குன்று மேல இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பிச்சார். ஊருக்கும் அவர் பேர்தான். சுத்தி தார் பாலைவனம். விவசாயத்தை நம்பி ஒரு ராஜ்யம் நடத்த முடியாத இடம். அப்போ காசு எங்கிருந்து வந்துச்சு? ரோட்டுல இருந்து. சிந்து பக்கத்துல இருந்து குஜராத்துக்கும் டெல்லிக்கும் போற ஒட்டக வணிகக் கூட்டங்கள் இந்த வழியாத்தான் போகணும். தண்ணி, பாதுகாப்பு, தங்க இடம் எல்லாம் இங்க கிடைக்கும். பதிலுக்கு வரி கட்டணும். இன்னைக்கு நம்ம ஊர் டோல் கேட் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

அந்தப் பணம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா பட்வா ஹவேலிக்குப் போங்க. குமான் சந்த் பட்வாங்கிற வணிகர் தன்னோட அஞ்சு பசங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்ட ஆரம்பிச்ச அஞ்சு மாளிகைகள். இதுல ஒண்ணு தனியார் மியூசியம், இன்னொரு பகுதி அரசாங்கத்துக்கிட்ட இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட். பட்ஜெட் டைட்டா இருந்தா ஒண்ணு மட்டும் பாருங்க. உண்மையைச் சொல்லணும்னா, சந்துல நின்னு அண்ணாந்து பாத்தாலே அந்தக் கல் ஜன்னல்களோட முக்கால்வாசி அழகு ஃப்ரீயா கிடைச்சிடும்.

ஆனா இந்த மாளிகைகள் எழும்பின அதே நூற்றாண்டுலதான் ஊர் சரிய ஆரம்பிச்சது. பம்பாய் துறைமுகம் வளர்ந்துச்சு, சரக்கு கடல் வழியாவும் ரயில்லயும் போக ஆரம்பிச்சது. ஒட்டகப் பாதைக்கு வேலை குறைஞ்சது. 1947-ல எல்லைக்கோடு விழுந்ததும் சிந்து பக்கம் போற கதவும் மூடிடுச்சு. வியாபாரிகள் பல பேர் வேற ஊர் தேடிப் போயிட்டாங்க.

திரும்ப உயிர் வந்தது ரெண்டு வழியில. ஒண்ணு ராணுவம்: 1965, 1971 போர்களுக்கு அப்புறம் இது முக்கியமான எல்லை ஊர் ஆச்சு. 1971 டிசம்பர்ல லோங்கேவாலா சண்டை நடந்தது இந்த மாவட்டத்துலதான். இன்னொண்ணு சினிமா: 1974-ல சத்யஜித் ரே எடுத்த 'சோனார் கெல்லா', அதாவது தங்கக் கோட்டை. இன்னைக்கும் வங்காளத்துல இருந்து குடும்பம் குடும்பமா இந்தக் கோட்டையைப் பாக்க வர்றாங்க. அப்புறம் நம்ம மாதிரி பேக்பேக் கூட்டம் வந்துச்சு. கோட்டை வீடுகள் ஒவ்வொண்ணா கெஸ்ட் ஹவுஸ் ஆச்சு.

இப்போதான் பிரச்சினை. இந்தக் கோட்டை ஒரு மியூசியம் கிடையாது. உள்ள தலைமுறை தலைமுறையா ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்றாங்க. அதனாலதான் வாசல்ல டிக்கெட் இல்ல, உள்ள இருக்கிற அரண்மனை மியூசியத்துக்குத்தான் டிக்கெட். அந்தக் காலத்துல தண்ணியைக் கீழ இருந்து குடத்துல தூக்கிட்டு வரணும். 14-ஆம் நூற்றாண்டுல ராவல் கட்சி உருவாக்கின கடிசர் ஏரிதான் பல நூற்றாண்டுக்கு ஊரோட டேங்க். மேல தூக்கி வர்ற தண்ணியை யாரும் வீணாக்க மாட்டாங்க. அதனால கோட்டையோட வடிகாலும் எப்பவாவது பெய்யிற மழைக்கும் கொஞ்சூண்டு வீட்டுத் தண்ணிக்கும் போட்ட கணக்கு.

அப்புறம் குழாய் வந்துச்சு. ஷவர், ஃப்ளஷ், ஹோட்டல் கிச்சன் எல்லாம் வந்துச்சு. இன்ஜினியர் பாஷையில சொன்னா, பழைய சிஸ்டத்தை மாத்தாம லோடை மட்டும் பல மடங்கு ஏத்திட்டோம். கசியிற தண்ணி எங்க போகும்? கீழ. கீழ இருக்கிறது கெட்டியான பாறை இல்ல, மென்மையான மணற்கல்லும் களிமண் அடுக்குகளும். களிமண் ஊறினா வழுக்கும். மேல இருக்கிற சுவர் அசையும். 1990-கள்ல மழையில சில கொத்தளங்கள் சரிஞ்சே போச்சு. 1996-ல உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்துல இருக்கிற இடங்களோட பட்டியல்ல இந்தக் கோட்டையைச் சேர்த்தது. 2013-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆச்சு. வடிகால் வேலை, சுவர் சீரமைப்பு எல்லாம் நடந்திருக்கு. ஆனா தினமும் உள்ள இறங்குற தண்ணி நிக்கல.

"அப்போ எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடலாமே"ன்னு சில பேர் சொல்வாங்க. எனக்கு அது சரியாப் படல. அது அவங்க வீடு. ஆளில்லாத கோட்டைகள் ராஜஸ்தான்ல நிறைய இருக்கு. இதோட சிறப்பே மனுஷங்க வாழ்றதுதான். டூரிஸ்ட் வருமானமும் அவங்களுக்கு வேணும். ஆனா அங்க குடியிருக்கிற குடும்பம் குளிக்கிறதும், ரெண்டு நாள் தங்க வந்த நாம குளிக்கிறதும் ஒண்ணு இல்ல. நமக்கு வேற இடம் இருக்கு.

அதனால என் பதில்: ரூம் வெளிய போடுங்க. கோட்டைச் சுவருக்கு வெளிய, நடக்கிற தூரத்துலேயே சீப்பான ரூம் நிறைய இருக்கு. கோட்டை முழுசா தெரியிற மொட்டை மாடி வியூ அங்கதான் கிடைக்கும், உள்ள இருந்தா கோட்டை தெரியாதுல்ல! காலையில வெயில் ஏறுறதுக்குள்ள உள்ள போங்க, ஜைனக் கோயில்களைப் பாருங்க, அங்க குடியிருக்கிறவங்க கடையிலேயே டீ குடிங்க, கைவேலைப் பொருள் வாங்குங்க. காசு உள்ள போகட்டும், தண்ணி போக வேண்டாம். சாயங்காலம் கடிசர் கரையில உக்காருங்க, அதுக்கு டிக்கெட் இல்ல.

ஏற்கெனவே உள்ள ரூம் புக் பண்ணிட்டீங்களா? கேன்சல் பண்ண இன்னும் டைம் இருக்கான்னு ஆப்ல ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.