விமர்சகன் எழுதிக் கொடுத்த புரோநோட்டு

விமர்சகர்கள் சினிமா எடுக்க வந்த கதை என்றதும் நம் நினைவுக்கு வருவது பாரிஸ்தான். காயே து சினிமா 1951-ல் தொடங்கிற்று. அதில் எழுதிக்கொண்டிருந்த த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படம் 1959-ல் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. மறு வருஷம் கொதார்த். எழுதினார்கள், எடுத்தார்கள், ஜெயித்தார்கள். சுலபமாகச் சொல்லிவிடக் கூடிய கதை. இதற்குச் சில வருஷங்கள் முன்பே இங்கிலாந்தில் தொடங்கிய இன்னொரு கதை இருக்கிறது. ஒரு சின்னப் பத்திரிகை பதினான்கு இதழ்கள் வந்து 1952-ல் நின்றது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் தம் முதல் முழுநீளப் படத்தை வெளிக்கொண்டுவர 1963 ஆகிவிட்டது. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிறு பத்திரிகை நடத்துகிறவர்களும் அதில் எழுதுகிறவர்களும் யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது கதையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் அதன் வெற்றி அல்ல, அது எடுத்துக்கொண்ட காலம்.

லிண்ட்ஸே ஆண்டர்ஸன் பிறந்தது பெங்களூரில், 1923 ஏப்ரல் 17-ம் தேதி. இதை வைத்துக்கொண்டு அவரை நம்மவராக்கும் அசட்டுத்தனம் வேண்டாம். தந்தை ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரி, தாய் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். சாம்ராஜ்யத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வந்து அதன் கண்டோன்மெண்டில் சேர்ந்த குடும்பம் அது. சேர்ந்தது நிலைக்கவில்லை. பெற்றோர் பிரிந்தார்கள், பிள்ளை வளர்ந்தது இங்கிலாந்தில், விடுதிப் பள்ளிகளில். ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள் போய்ச் சேரும் செல்ட்டன்ஹாம் காலேஜில் படிப்பு, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் வாதம் கல்லூரி. அங்கே கிரேக்க, லத்தீன் இலக்கியம் படிக்க வந்தவரை யுத்தம் இழுத்துக்கொண்டது. யுத்தத்தின் கடைசி வருஷத்தில் அவர் இருந்தது டில்லியில், எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் உளவுப் பிரிவில்.

டில்லியில் நடந்த ஒரு சம்பவத்தை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 1945-ல் லேபர் கட்சி தேர்தலில் ஜெயித்த செய்தி வந்ததும், ஆனந்த் பர்பத்தில் இருந்த இளம் அதிகாரிகளின் மெஸ் கூரை மேல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு செங்கொடியை ஆணியடித்து நட்டார். கர்னலுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. இதைப் புரட்சி என்று சொல்வதும் வெறும் விளையாட்டு என்று தள்ளுவதும் ஒரே அளவு தவறு. அந்தக் கொடி நடப்பட்டது அதிகாரிகளின் கூரையில், நட்டவர்களும் அதிகாரிகள். வெளியே நின்று கல்லெறிகிறவனின் கோபம் வேறு, அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அதன் கூரையில் ஏறுகிறவனின் கோபம் வேறு. இரண்டாவது கோபத்தில் வெட்கமும் கலந்திருக்கிறது. பின்னால் ஆண்டர்ஸன் செய்ததெல்லாம் இந்த இரண்டாவது வகை.

யுத்தம் முடிந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பியவர் ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். அங்கேதான் 'சீக்வென்ஸ்'. பல்கலைக்கழக ஃபிலிம் சொசைட்டியின் பத்திரிகையாகத் தொடங்கி, பிறகு லண்டனுக்கு இடம் மாறியது. பீட்டர் எரிக்ஸன், செல்ட்டன்ஹாம் நாட்களிலிருந்தே நண்பரான கேவின் லாம்பர்ட், ஆண்டர்ஸன், பிறகு வந்து சேர்ந்த காரெல் ரைஸ் ஆகியோர்தான் அதை நடத்தியவர்கள். ரைஸ் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சிறுவனாக அகதியாய் வந்தவர். இவர்களுடைய பகைகள் தெளிவானவை. உணர்ச்சியை அடக்கி வைப்பதையே கலை என்று நம்பிய பிரிட்டிஷ் 'தரமான' படங்கள் ஒரு பகை. தொழிலாளியைப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாக மட்டுமே காட்டிய கிரியர்ஸன் மரபின் டாகுமெண்டரி இன்னொரு பகை. அந்த மரபுக்குள்ளேயே வேலை செய்தும் அதில் அடங்காமல் நின்ற ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸை அவர்கள் கவியாகக் கண்டார்கள். ஜான் ஃபோர்டின் கௌபாய்ப் படங்களைப் படித்தவர்கள் பொருட்படுத்தாத காலத்தில் ஆண்டர்ஸன் அவரை மகத்தான கலைஞன் என்று எழுதினார். அதை அவர் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. 1981-ல் ஃபோர்டைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

ஒரு பத்திரிகையில் இப்படியெல்லாம் எழுதும்போது என்ன நடக்கிறது? இது கூடாது, அது வேண்டும் என்கிறோம். 'வேண்டும்' என்று எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு புரோநோட்டு. பெரும்பாலான விமர்சகர்கள் அது யார் பேரில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்தவன் வந்து அடைப்பான் என்று இருந்துவிடுகிறார்கள். ஆண்டர்ஸனுக்கு அந்த சௌகரியம் வாய்க்கவில்லை.

1948-ல், பத்திரிகை உயிரோடு இருக்கும்போதே, யார்க்ஷயரில் வேக்ஃபீல்ட் அருகே இருந்த ரிச்சர்ட் சட்க்ளிஃப் என்ற கம்பெனி அவரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கன்வேயர் பெல்ட் செய்யும் கம்பெனி அது. 'மீட் த பயனியர்ஸ்' என்ற அந்தப் படம்தான் அவருடைய முதல் படம். ஃபோர்டின் காவியத் தன்மையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த கை, பெல்ட் எப்படி ஓடுகிறது, ரோலர் எப்படிச் சுழல்கிறது என்று விளக்கப் பழக வேண்டியிருந்தது. அதே கம்பெனிக்கு 1952-க்குள் மேலும் மூன்று படங்கள். அதே ஊர் வாரப் பத்திரிகையின் நூற்றாண்டுக்காக 1952-ல் 'வேக்ஃபீல்ட் எக்ஸ்பிரஸ்'. இந்தக் கடைசிப் படத்தில்தான் ஏதோ திறந்துகொள்கிறது. பத்திரிகை எப்படித் தயாராகிறது என்று காட்ட வேண்டிய படம், நிருபர் போய்ச் சந்திக்கும் மனிதர்களிடமே தங்கிவிடுகிறது. காமிரா, வால்ட்டர் லாஸலி.

அதே வருஷம் 'சீக்வென்ஸ்' நின்றது. கடைசி இதழை ஆண்டர்ஸனும் ரைஸும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். லாம்பர்ட் அதற்கு முன்பே 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையின் ஆசிரியராகப் போய்விட்டிருந்தார். பத்திரிகை நின்றதற்கு நாம் வழக்கமாகப் பாடும் ஒப்பாரி இங்கே தேவையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. செய்ய வேண்டியது பாக்கி.

1953-ல் மார்கேட் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கே காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியைப் பற்றி கை பிரெண்ட்டனோடு சேர்ந்து எடுத்த படம் 'தர்ஸ்டேஸ் சில்ட்ரன்'. ரிச்சர்ட் பர்ட்டன் பணம் வாங்காமல் வர்ணனை பேசினார். 1955-ல் அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. ஒரு சொல்லை உச்சரிக்க அந்தக் குழந்தைகள் படும் பாட்டையும், சொல் வந்துவிட்டபோது முகத்தில் வரும் வெளிச்சத்தையும் மிகுந்த பிரியத்தோடு பார்க்கும் படம். இதே ஊரில், இதே சமயத்தில், ஜான் ஃப்ளெட்சர் ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு எடுத்த இன்னொரு படம் 'ஓ ட்ரீம்லேண்ட்'. ஊரிலிருந்த கேளிக்கைப் பூங்காவைப் பற்றியது, பன்னிரண்டு நிமிஷம். வர்ணனை கிடையாது. மரண தண்டனைக் காட்சிகளை வேடிக்கையாகக் காட்டும் பொம்மைகள், கூண்டில் மிருகங்கள், சாப்பாட்டுத் தட்டுகள், சிரிப்பற்ற முகங்கள். இவற்றின் மேல் இயந்திர பொம்மையின் சிரிப்பும் பாட்டுப் பெட்டியின் பாட்டும் ஓயாமல் கொட்டுகின்றன.

மேட்டுக்குடிப் பிள்ளை ஏழைகளின் ஞாயிற்றுக்கிழமையை இளக்காரமாகப் பார்க்கிறார் என்று இந்தப் படத்தைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் குற்றச்சாட்டை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அந்தக் காமிராவின் பார்வையில் செல்ட்டன்ஹாம் கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காது கேளாத குழந்தை ஒரு சொல்லுக்காகத் தவிக்கிறது; அதே ஊரில், காது கேட்கிறவர்களின் காதில் எவனோ பதிவு செய்து வைத்த சிரிப்பு ஊற்றப்படுகிறது. முதல் படத்தின் அன்பு உண்மையானால் இரண்டாவதன் கோபம் தவிர்க்க முடியாதது. கோபம் அந்த முகங்களின் மேல் அல்ல, அவர்களுக்கு இதுதான் சந்தோஷம் என்று விற்றவர்கள் மேல். இந்த வித்தியாசத்தைப் படம் எல்லா ஷாட்டுகளிலும் காப்பாற்றுகிறதா என்றால், இல்லை. ஒரு கலைஞனின் ஆரம்ப காலப் படைப்புக்கு இப்படி ஒரு குறை இருப்பது, வேக்ஃபீல்ட் கம்பெனிப் படங்களின் குறையற்ற தன்மையைவிட மேல்.

'ஓ ட்ரீம்லேண்ட்' மூன்று வருஷம் காட்டப்படாமல் கிடந்தது. 1956 பிப்ரவரி 5-ம் தேதி லண்டன் நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் மூன்று படங்கள் சேர்த்துக் காட்டப்பட்டன: இது ஒன்று; ரைஸும் டோனி ரிச்சர்ட்ஸனும் எடுத்த 'மம்மா டோன்ட் அலவ்'; இத்தாலியிலிருந்து வந்த லொரென்ஸா மாஸெட்டியின் 'டுகெதர்'. தலைப்பு 'ஃப்ரீ சினிமா'. தனித்தனியாகக் காட்டினால் பத்திரிகைக்காரன் எட்டிப் பார்க்க மாட்டான், இயக்கம் என்றால் வருவான் என்ற சாமர்த்தியமும் அந்தப் பெயரில் இருந்தது. நால்வரும் கையெழுத்திட்ட அறிக்கையின் சாரம், தனி மனிதனின் குரல் படத்தில் கேட்க வேண்டும், கச்சிதம் லட்சியமல்ல என்பது. அந்தப் பெயர் 'சீக்வென்ஸ்' இதழில் ஆலன் குக் எழுதிய ஒரு கட்டுரையில் முன்பே வந்திருந்தது. நின்றுபோன பத்திரிகையின் ஒரு சொற்றொடர் சில வருஷம் கழித்து ஓர் அரங்கத்தின் வாசலில் தொங்குகிறது. சந்தா எண்ணிக்கையை வைத்து ஒரு சிறு பத்திரிகையின் ஆயுளைக் கணக்கிடுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. ஃப்ரீ சினிமா 1959 வரை ஆறு நிகழ்ச்சிகள் நடந்தது.

1956-ன் பிற்பகுதியில் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகையில் 'ஸ்டாண்ட் அப்! ஸ்டாண்ட் அப்!' என்ற கட்டுரையை ஆண்டர்ஸன் எழுதினார். நான் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லும் விமர்சகன் தான் நிற்கும் பக்கத்தை மறைக்கிறான், அவ்வளவே என்பது அதன் வாதம். சூயஸும் ஹங்கேரியும் எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மறு வருஷம் கவெண்ட் கார்டன் காய்கறிச் சந்தையின் ஓர் இரவையும் ஒரு காலையையும் பற்றிய 'எவ்ரி டே எக்ஸெப்ட் கிறிஸ்துமஸ்'. ஜான் ஃபோர்டைக் கொண்டாடியவருக்குப் படி அளந்தது ஃபோர்டு மோட்டார் கம்பெனி. அங்கே வேலையில் இருந்த ரைஸ் செய்த ஏற்பாடு. வெனிஸ் விழாவில் டாகுமெண்டரிக்கான பெரிய பரிசு பெற்றது. அழகான படம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. கூடை சுமக்கிறவர்களும் பூ விற்கும் கிழவிகளும் அதில் சண்டை போடுவதில்லை, சம்பளம் பற்றிப் பேசுவதில்லை. 'ஓ ட்ரீம்லேண்ட்' அதிகமாகக் கோபப்பட்டது என்றால் இது அதிகமாக மரியாதை செய்கிறது. இரண்டிலும் பார்க்கிறவர் ஓரிடத்தில் நிற்கிறார், பார்க்கப்படுகிறவர் வேறோர் இடத்தில்.

அந்த இடைவெளியை மூடத்தான் மேலும் ஆறு வருஷம் ஆயிற்று. நடுவில் விளம்பரப் படங்கள், ராயல் கோர்ட் மேடையில் நாடகங்கள் என்று போயின. பிறகு டேவிட் ஸ்டோரியின் நாவல் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்'. அதை இயக்கும் வாய்ப்பு முதலில் வந்தது ரைஸுக்கு. நான் தயாரிக்கிறேன், ஆண்டர்ஸன் இயக்கட்டும் என்றார் அவர். பத்திரிகையின் கடைசி இதழைச் சேர்ந்து போட்டவர்கள் பதினோரு வருஷம் கழித்து ஒரு படத்தைச் சேர்ந்து போட்டார்கள். ஸ்டோரி வேக்ஃபீல்ட்காரர், படத்தின் ரக்பி ஆட்டங்கள் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று வேக்ஃபீல்ட் டிரினிட்டி மைதானம். கன்வேயர் பெல்ட்டைக் காட்டப் போன அதே ஊர். இம்முறை அவர் போனது ஃபிராங்க் மேச்சின் என்ற சுரங்கத் தொழிலாளியின் உடைந்த பற்களுக்குள். மயக்க மருந்தில் கிடக்கும் அவனுடைய நினைவாகவே கதையின் பெரும் பகுதி வருகிறது. அவனை நாம் அனுதாபத்தோடு பார்ப்பதில்லை. அவனுக்குள் இருந்து பார்க்கிறோம். தான் குடியிருக்கும் வீட்டு விதவையிடம் அன்பைக் கேட்கத் தெரியாமல், பந்தைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கப் பார்க்கும் அந்த முரட்டு மனிதனை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கான் விழாவில் ரிச்சர்ட் ஹாரிஸுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. வசூலில் படம் தோற்றது.

இத்துடன் ஆரம்ப காலம் முடிகிறது. 1968-ல் 'இஃப்' எடுப்பதற்குப் பொய்யான ஒரு திரைக்கதையைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு தன் சொந்தப் பள்ளியான செல்ட்டன்ஹாமுக்கே போய், அதன் கூரையில் மாணவர்களைத் துப்பாக்கியோடு ஏற்றியது அடுத்த அத்தியாயம். டில்லியில் செங்கொடி நட்ட கையே அதையும் செய்தது. 1969-ல் கான் விழாவின் மிக உயர்ந்த பரிசு அதற்குக் கிடைத்தது. 1994-ல் அவர் இறந்தபோது அவருடைய முழுநீளப் படங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவையாகவே இருந்தன.

குறைவு என்று சொல்லலாம். ஆனால் அவர் எந்தப் படத்தையும் தன் விமர்சனத்திலிருந்து தப்பித்துக்கொள்ள எடுக்கவில்லை. எழுதியதை நம்பினார், நம்பியதால் கன்வேயர் பெல்ட்டிலிருந்து தொடங்கினார், ஒவ்வொரு படத்திலும் தன் வர்க்கம் தன் பார்வையில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடித் தேடிக் களைந்தார். நாமும் 'வேண்டும், வேண்டும்' என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் தவறில்லை, பத்திரிகை அதற்குத்தான். அடியில் இருப்பது நம் கையெழுத்து என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.