சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே

முல்லைத்தீவுக் கரைக்குத் தென்கிழக்கே, வெகுதூரத்தில் சுமத்திரா. அதற்கு மேற்கே நமது இந்து சமுத்திரத்தில்தான் 1933 இல் வந்த ‘கிங் கொங்’ படத்தின் மண்டையோட்டுத் தீவு இருப்பதாகக் கதை. எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தத் தீவின் தலைவனாக நடித்தவர் நோபிள் ஜோன்சன் என்ற கறுப்பின அமெரிக்கர். கறுப்பின மக்களைக் கண்ணியமாகக் காட்டவென்று 1916 இல் தன் சகோதரருடன் லிங்கன் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். ஹொலிவூட் அவருக்குக் கொடுத்ததோ காட்டுவாசி வேடம்.

பேசும்படக் காலத்தின் தொடக்கத்தில் அச்சம் எப்போதும் அந்நியனின் உருவில்தான் வந்தது. கறுத்த தோல், விளங்காத மொழி, குறைபட்ட உடல்.

1931 இல் ‘டிராகுலா’ பெருவெற்றி பெற்றதும் அதன் இயக்குநர் டொட் பிரவுனிங், எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ‘பிரீக்ஸ்’ எடுத்தார். படம் 1932 இல் வெளியானது. சர்க்கஸ் கதை. மாற்றுத்திறனாளிகளாக மாற்றுத்திறனாளிகளே நடித்தார்கள். கொடியவர்களோ கட்டழகான இருவர்: அந்தரத்தில் ஊஞ்சலாடும் கிளியோபாட்ராவும் பலசாலி ஹெர்குலிஸும்.

நடித்தவர்களில் ஒருவர் பிரின்ஸ் றன்டியன். கைகளும் கால்களும் இல்லாமல் 1871 இல் பிரித்தானிய கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்ட நாடு அது. மலையகத் தோட்டங்களிலிருந்து 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்த வரலாறு அந்நியமல்ல. படத்தில் றன்டியன் உதடுகளாலேயே நெருப்புப்பெட்டியைத் திறந்து, குச்சியை உரசி, சிகரெட்டைப் பற்றவைக்கிறார். அவசரமில்லை, தடுமாற்றமில்லை. பக்கத்தில் இருப்பவர் தன் சாகசத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருக்க, இவர் தன் காரியத்தை முடிக்கிறார். அந்தக் காலத் திகில் படங்களில் இத்தனை மரியாதையான காட்சி வேறில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. இவர்களோடு ஒரே கூடத்தில் சாப்பிட முடியாது என்று நிறுவனத்தார் முறையிட்டார்கள். நடிகர்களில் பெரும்பாலோருக்கு வெளியே தனிக் கூடாரத்தில் சாப்பாடு போடப்பட்டது.

படமும் குற்றமற்றதல்ல. கடைசியில் புயல் மழையில், சேற்றில், கத்தியோடு ஊர்ந்துவரும் அதே மனிதர்களைக் காட்டித்தான் அது பார்வையாளரை நடுங்க வைக்கிறது. ஒரு மணி நேரம் அயலவராகப் பழகியவர்கள் சில நிமிடங்களில் பூதங்களாகிறார்கள். முன்னோட்டக் காட்சிகளில் எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் ஏறத்தாழ அரை மணி நேரத்தை வெட்டியது. அந்தப் பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. பிரித்தானியத் தணிக்கையாளர்கள் 1963 வரை படத்துக்கு அனுமதி தரவில்லை. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது 1994 இல் இடம்பிடித்தது. றன்டியன் 1934 இலேயே இறந்துவிட்டார்.

2009 க்குப் பின் வன்னியில் கையோ காலோ இழந்தவர் இல்லாத ஊர் அரிது. அவர்களைப் படமெடுக்க வரும் கமெராக்கள் பெரும்பாலும் காயத்தில் தொடங்கிக் காயத்திலேயே நின்றுவிடுகின்றன. அவர்கள் வயலில் நீர் கட்டுவதையும், கடை நடத்துவதையும், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போவதையும் காட்ட அவற்றுக்குப் பொறுமையில்லை. பிரவுனிங்கின் கமெரா, றன்டியன் சிகரெட்டைப் பற்றவைத்து முடிக்கும்வரை காத்திருந்தது.

அடுத்த வாரம்: சீன வில்லன் ஃபூ மான்சூவாக வேடமிட்ட போரிஸ் கார்லொவும், அவர் குடும்பத்தின் இந்திய வேரும்.